2024 பருவத்துக்கான செயலாளர் அறிக்கை

தலைவர், நிர்வாகக் குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வட அயர்லாந்தின் டைரோன் கவுண்டியில் (மாவட்டத்தில்) நடக்கும் கேலிக் கால்பந்து சீனியர் சாம்பியன்ஷிப்பைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். முதல் சுற்றிலேயே வெளியேறினோம். ஒரே ஒரு புள்ளி வித்தியாசம், அதுவும் கூடுதல் நேரத்தில். குளிர்காலத்தில் தொடங்கிய பயிற்சிக்கு ஒரே மாலையில் கணக்கு முடிந்துபோனது.

டைரோனில் இது புதிதல்ல. வேறு பல கவுண்டிகளில் அணிகளைக் குழுக்களாகப் பிரித்து ஆடவிடுகிறார்கள். ஒரு ஆட்டத்தில் சறுக்கினாலும் அடுத்ததில் சமாளிக்கலாம். இங்கே 16 சீனியர் கிளப்புகளுக்கும் ஒரே விதி: தோற்றால் வீட்டுக்கு. இதை மாற்றச் சொல்லிக் கவுண்டி மாநாட்டுக்குத் தீர்மானம் அனுப்ப வேண்டும் என்று உறுப்பினர்கள் சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்று அது விவாதத்துக்கு வரும். செயலாளர் நடுநிலையாக இருக்க வேண்டும்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து.

வென்றவர்களின் வரிசையைப் பாருங்கள். 2019 டிரிலிக், 2020 டன்கேனன், 2021 டுரோமோர், 2022 எரிகல் கீரான், 2023 மறுபடி டிரிலிக், இந்த ஆண்டு மறுபடி எரிகல் கீரான். 2004, 2005 இரண்டு ஆண்டும் வென்ற கேரிக்மோருக்குப் பிறகு, சாம்பியனுக்குத் தரும் ஓ'நீல் கோப்பையை யாருமே தக்கவைத்துக்கொண்டதில்லை. டன்கேனனுக்கு 1956-க்கு அப்புறம் 2020-இல்தான், அதுவும் பெனால்டியில், கோப்பை கிடைத்தது. குழு முறையில் பெரிய அணிக்கு ஒரு மோசமான நாள் மன்னிக்கப்பட்டுவிடும். நம்மைப் போன்ற கிளப்புக்கு நம்பிக்கையே அவர்களுடைய அந்த ஒரு நாள்தானே?

மறுபக்கமும் இருக்கிறது, மறுக்கவில்லை. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டு உழைத்துத் திரும்பிய நம் வீரருக்கு அந்த ஒரே மாலைதான் சாம்பியன்ஷிப். சம்பளம் வாங்காமல் ஆடுகிறவரிடம் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று சொல்வது எளிதல்ல. அவரே இன்று பேசுவார், கேளுங்கள்.

எரிகல் கீரான் அப்புறம் டவுன் கவுண்டியின் கில்கூ கிளப்பையும் தோற்கடித்து, 2002-க்குப் பிறகு முதன்முறையாக அல்ஸ்டர் மாகாணப் பட்டம் வென்றிருக்கிறது. டைரோனின் பழைய நட்சத்திர வீரர் பீட்டர் கனவனின் மகன்கள் டாராவும் ருவரியும் ஆடும் அணி. வயிற்றெரிச்சல் இருந்தாலும் பாராட்டுக் கடிதம் அனுப்பிவிட்டோம். ஜூலையில் கால்வேயை 1-11, 0-13 என்று (ஒரு கோலுக்கு மூன்று புள்ளி) ஒரு புள்ளியில் வென்று அகில அயர்லாந்துக் கோப்பையைத் தூக்கிய பக்கத்துக் கவுண்டி ஆர்மாவுக்கு அப்படி ஒரு கடிதம் எழுத யாரும் முன்மொழியவில்லை என்பதையும் பதிவுசெய்கிறேன்.

நவம்பர் 30 அன்று நடந்த கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் சிறப்பு மாநாட்டில், டப்ளின் அணியின் முன்னாள் மேலாளர் ஜிம் கேவின் தலைமையிலான குழு பரிந்துரைத்த புதிய விதிகள் 2025 பருவத்துக்குச் சோதனையாக ஏற்கப்பட்டன. 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி. எந்நேரமும் எதிரணிப் பாதியில் நம் வீரர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும். ஆகவே பதினைந்து பேரும் நம் கோல் முன்னால் கூடி நிற்கும் காலம் முடிந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. நடுவரிடம் வாதாடினால் ஃப்ரீ கிக் 50 மீட்டர் முன்னே நகரும். தடுப்பாட்டக்காரர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும். வளைவுக் கோடு போட மைதானக் குழுவுக்குப் பெயிண்ட் வேண்டுமாம். பொருளாளர் கவனிக்கவும்.

லீக்கில் முதல் பிரிவில் இடத்தைத் தக்கவைத்தோம். பெண்கள் அணியும் சிறுவர் அணிகளும் தத்தம் அறிக்கையைத் தனியாகத் தருகின்றன. வாராந்திர லாட்டரிச் சீட்டு விற்பனை குறைந்திருக்கிறது. விற்பவர்கள் நான்கைந்து பேரே, வாங்குபவர்களும் பெரும்பாலும் அவர்களேதான். சரி, கூடுதலாக ஆள் வேண்டும்.

ஆண்டுச் சந்தா கட்டாதவர்களுக்கு இன்றைய தீர்மானத்தில் வாக்கு இல்லை. பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்