குழந்தைகளுக்கு அடிக்கடி வரும் சளி, இருமல்: தடுப்பூசி நாளில் தாய்மார்களுக்கு வழிகாட்டக் கோரும் மனு

அனுப்புநர்:
பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளை விடும் தாய்மார்கள்

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
பொதுச் சுகாதாரத் துறை

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் பிள்ளைகள் 1 முதல் 3 வயதுக்குள் இருப்பவர்கள். ஒரு சளி விட்டு அடுத்தது பிடிப்பதற்குள் மூச்சுவிட நேரம் கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் மருந்துச் சீட்டு கிடைக்கிறது. மறுபடி வராமலிருக்க என்ன செய்யலாம் என்று கேட்டால், "பச்சைத் தண்ணீரில் விளையாட விடாதீங்க" என்பதோடு பேச்சு முடிகிறது. வீட்டுக்கு வந்தால், அம்மா சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்ற பழி வேறு.

இந்த வயதில் ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு, காப்பகத்துக்குப் போகும் பிள்ளைக்கு இன்னும் கூடலாம், சளி உண்டாக்கும் வைரஸ்களே 200க்கு மேல் இருக்கின்றன என்பதெல்லாம் எங்களில் பலருக்குத் தெரியாது. இருமல் அடங்க 2, 3 வாரம்கூட ஆகலாம் என்பதும் அப்படித்தான். அதனால்தான் நாலாம் நாளே வேறு டாக்டர், வேறு மருந்து என்று ஓடுகிறோம். போன முறை மீந்த ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு. வைரஸ் சளிக்கு அது வேலை செய்யாது என்று யாராவது உட்கார வைத்துச் சொன்னால்தானே தெரியும்?

அதற்கு நேரமும் இடமும் ஏற்கனவே இருக்கின்றன. தடுப்பூசி போட்ட பிறகு குழந்தையோடு சிறிது நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு செவிலியர் எங்களிடம் பேச ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் மூச்சை எண்ணக் கற்றுத்தர வேண்டும். குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழுதாக 1 நிமிடம் எண்ண வேண்டும். 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் போனால் வேகமான மூச்சு. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்குவது, பால் குடிக்க முடியாமல் போவது, எழுப்பியும் சரியாக எழாமல் துவள்வது ஆகியவற்றுக்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது, எங்கள் பிள்ளையின் நெஞ்சைப் பார்த்து நாங்களே எண்ணிப் பழக வேண்டும்.

அப்புறம் புகை. அடுப்புப் புகையும் சிகரெட் புகையும் சின்ன நுரையீரலைத் தொற்றுக்குத் தயார்ப்படுத்துகின்றன. வீட்டில் இதை மனைவி சொன்னால் சண்டை, செவிலியர் சொன்னால் அறிவுரை. ஆகவே அப்பாக்களையும் கட்டாயம் வரச் சொல்லுங்கள்.

அதே நாளில் தடுப்பூசி அட்டையைப் பார்த்து, நிமோனியா (நுரையீரல் தொற்று) வராமல் காக்கப் போடும் நிமோகாக்கஸ், ஹிப் ஊசிகளிலும் தட்டம்மை ஊசியிலும் விடுபட்டவை எவை என்று சொல்ல வேண்டும். 6 மாதம் முடிந்த பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசி பற்றியும் சொல்லலாம். ஒரே ஆண்டில் 2 முறை நிமோனியா வந்த பிள்ளையையும், அடிக்கடி நோயுற்று எடை ஏறாத பிள்ளையையும் சாதாரணச் சளி என்று அனுப்பிவிடாமல், காரணம் கண்டறியக் குழந்தை நல மருத்துவரிடம் அனுப்ப உத்தரவிட வேண்டும்.

காப்பகங்களும் உங்கள் ஆய்வுக்குள் வர வேண்டும். மூக்கைத் துடைத்த பிறகும் டயப்பர் மாற்றிய பிறகும் ஊழியர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்களா, வாயில் வைத்த பொம்மை கழுவப்படுகிறதா, ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சல் வந்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள், சரி. ஆனால் எங்களுக்கு விடுப்பு கிடைப்பதில்லை. அது உங்கள் துறைக்குள் வராது என்றாலும், தொழிலாளர் துறைக்கு உங்களிடமிருந்து ஒரு கடிதம் போனால் அதற்கு மதிப்பு இருக்கும்.

அடுத்த தடுப்பூசி நாளிலேயே சோதனை முறையில் இதைத் தொடங்கலாம். ஆட்கள் குறைவு என்றால், பழகிய தாய்மார்கள் சிலர் மூச்சு எண்ணச் சொல்லித்தர உதவுவோம். தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தாய்மார்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)