பொம்பளைங்க துணி மாத்த தாழ்ப்பாள் உள்ள ஒரு ரூம் கேட்டு, நம்ம கடற்கரையப் பாத்துக்கிற அதிகாரிகளுக்கு

அய்யா, அம்மா, வணக்கம்.

எந்தக் கடற்கரைன்னு எழுதல, உங்களுக்கே தெரியும், மனு குடுக்குறதும் இது மொத தடவ இல்ல. பூம்புகார்லேர்ந்து கோடியக்கரை வரைக்கும் ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு சனம் எப்படி வந்து குளிக்கும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இந்த ஆடி அமாவாசைக்கு எங்கப்பாவுக்குத் தர்ப்பணம் குடுக்கப் போனோம். கடல்ல முங்கி எந்திரிச்சதும் ஆம்பளைங்க துண்டக் கட்டிக்கிட்டு ரெண்டு நிமிஷத்துல மாத்திட்டாங்க. எங்கம்மாவுக்கு 67 வயசு. அலைக்குத் தடுப்பா கொட்டி வச்சிருக்கீங்களே கருங்கல்லு, அதுக்கு நடுவுல ஒரு சந்துல நின்னுகிட்டு பாவாடை நாடாவப் பல்லுல கடிச்சுக்கிட்டு ஈர ஜாக்கெட்டக் கழட்டப் பாக்குறாங்க, மணலு ஒட்டுனதுல கை வரவே மாட்டேங்குது, நானும் தங்கச்சியும் ஆளுக்கொரு முனையப் புடிச்சு சேலைய மறைப்பா கட்டி நிக்கிறோம். ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க, சேலை எந்த மூலைக்கு? ஒரே வீச்சுல மேல தூக்கிருச்சு. மேல கல்லுல நின்ன பையன் கையில செல்போன். எடுத்தானா இல்லியான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அம்மா அப்படியே குத்துக்கால் போட்டு உக்காந்துட்டாங்க, பஸ்ஸுல வீடு வர வரைக்கும் ஒரு வார்த்தை பேசல.

இத்தனைக்கும் அங்கேர்ந்து நூறு அடியில 'பெண்கள் உடை மாற்றும் அறை'ன்னு எழுதி ஒரு கட்டடம் நிக்குது. பூட்டு துருப்பிடிச்சுக் கெடக்கு. ஜன்னல் வழியா பாத்தா உள்ள சிமெண்டு மூட்டையும் பிளீச்சிங் பவுடர் டிரம்மும்தான். மூட்டைக்கு இருக்குற மறைவு எங்கம்மாவுக்கு இல்ல. தயவுசெஞ்சு அந்த ரூம தொறந்து விடுங்க.

பொம்பள துணி மாத்துறத படம் எடுத்தா பாரதிய நியாய சன்ஹிதாங்குற தண்டனைச் சட்டத்தோட 77ஆவது பிரிவுல மொத தடவைக்கே 1 வருஷத்துலேர்ந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா நம்மள யாரும் பாக்க மாட்டாங்கன்னு நியாயமா நம்பக்கூடிய எடமா இருக்கணும்னு அதுலயே இருக்கு. அந்த எடத்தத்தானே கேக்குறோம்.

காரைக்கால்லேர்ந்து ஃபிரான்சுக்குப் போன எங்க சித்தப்பா மகள்கிட்ட இதச் சொல்லி அழுதேன். அங்க கேப் டாக்ட்னு ஒரு ஊருல துணியில்லாம இருக்க விரும்புறவங்களுக்குன்னே தனியா கடற்கரை இருக்காம், அவங்கள அனுமதியில்லாம படம் எடுக்கக் கூடாதாம். அது நமக்கு வேணாம், நம்ம பழக்கம் வேற. ஆனா விருப்பப்பட்டுத் துணியக் கழட்டுறவங்களுக்கே அங்க அவ்வளவு மரியாதை. இங்க நாங்க விருப்பப்பட்டா கல்லு சந்துல நிக்கிறோம்?

வண்டி நிறுத்த காசு வாங்குறீங்க, செல்ஃபி எடுக்க ஊர் பேர கலர் லைட்டுல எழுதி வச்சிருக்கீங்க, அதுக்கெல்லாம் பணம் இருந்துச்சு. கோவத்துல எழுதிட்டேன், மன்னிச்சுக்குங்க, கேக்க வந்தது ஒண்ணுதான். புரட்டாசி மகாளய அமாவாசை வருது, அதுக்குள்ள அந்த ரூம தொறந்து உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் ஒரு லைட்டும் போட்டுக் குடுங்க.

ஆள் இல்லன்னா சாவி யார்கிட்ட இருக்குன்னாவது சொல்லுங்க. மூட்டைய எறக்கி, கூட்டிக் கழுவி நாங்களே வச்சுக்கிறோம்.

இப்படிக்கு,
அந்தச் சேலையோட ஒரு முனையப் புடிச்சு நின்ன மக