ஆங்கில எழுத்துக்கூட்டலும் உச்சரிப்பும்: பெற்றோர்க்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்க்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வின் ஆங்கில விடைத்தாள்களைப் பார்த்துவிட்டு, தமிழைப் பிழையின்றி எழுதும் பிள்ளை ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இத்தனை பிழை செய்கிறது என்று உங்களில் பலர் வகுப்பாசிரியர்களிடம் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

இரவைக் குறிக்கும் 'நைட்' என்னும் சொல்லைப் பிள்ளைகள் பலர் என், ஐ, டி, இ என்று எழுதியிருந்தார்கள். அதற்கு மதிப்பெண் குறைத்தோம். ஆனால் அது கவனக்குறைவால் வந்த பிழை அன்று. காதில் விழுந்ததை அந்தப் பிள்ளைகள் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். அச்சொல்லின் சரியான எழுத்துக்கூட்டலில் (night) இன்று ஒலிக்காத ஜி, எச் இரண்டும் ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து எழும் ஒலியாக இருந்தவை; போர்வீரனைக் குறிக்கும் 'நைட்' (knight) என்னும் சொல்லின் முதலெழுத்தான கே-யையும் அன்று உச்சரித்தார்கள். வில்லியம் காக்ஸ்டன் என்னும் அச்சாளர் 1476-இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கிய பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல நிலைபெற்றது. அதே நூற்றாண்டுகளில் நெட்டுயிர்களின் உச்சரிப்போ பெரிதும் மாறிப்போயிற்று. போதாக்குறைக்கு, இலத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் கடனைக் குறிக்கும் 'டெட்' என்னும் சொல்லில் ஒலிக்காத ஒரு பி-யைச் சேர்த்தார்கள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்னும் சொல்லில் எஸ் நுழைந்ததும் இலத்தீனோடு தொடர்பு இருப்பதாகத் தவறாக எண்ணியதால்தான்.

அதற்காக ஆங்கிலத்தில் ஒழுங்கே இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். லைட், ரைட், ஃபைட், நைட் ஆகிய சொற்கள் ஒரே முறையில் எழுதப்படுபவை. ஒன்றைக் கற்ற பிள்ளைக்கு மற்ற மூன்றும் எளிதாக வந்துவிடும். இந்தப் பருவத்திலிருந்து சொற்களை இப்படிக் கூட்டம் கூட்டமாகவே வகுப்பில் கற்பிக்கிறோம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதில் முதன்மையானது ஒன்று உண்டு. பல பாடநூல்களில் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருப்பதைக் காண்கிறேன். உதவி செய்யும் எண்ணத்தில்தான் எழுதுகிறீர்கள்; ஆயினும் அதைத் தவிர்க்குமாறு அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். தொப்பியைக் குறிக்கும் சொல்லும், தோளில் அணியும் மேலங்கியைக் குறிக்கும் சொல்லும் தமிழில் 'கேப்' என்றே எழுதப்படும். ஆங்கிலத்தில் அவற்றின் உயிரொலிகள் வெவ்வேறு. இரண்டாவது சொல்லின் இறுதியில், தான் ஒலிக்காமல் நிற்கும் இ-தான் அந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் உள்ள சொற்களையும், ஆங்கிலத்தில் முதலெழுத்தே வேறாக இருந்தும் (pin, bin), 'பின்' என்றே எழுதுவோம். தமிழெழுத்தைப் பார்த்துப் படிக்கும் பிள்ளைக்கு இந்த வேறுபாடுகள் காதிலும் பதியாது, கண்ணிலும் படாது.

பிழையான சொல்லை நூறு முறை எழுதச் சொல்வதும் வேண்டாம். சொல்லைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, கையால் மறைத்து, நினைவிலிருந்து எழுதி, பிறகு திறந்து ஒப்பிடப் பழக்குங்கள். புதன்கிழமையைக் குறிக்கும் சொல்லை எழுதும்போது 'வெட்-நெஸ்-டே' என்று பிரித்துச் சொல்லிக்கொள்வதில் தவறில்லை. பேசும்போது 'வென்ஸ்டே' என்றே சொல்லட்டும். ஆங்கிலம் படிக்காத பெற்றோரும் இதைச் செய்யலாம். பிள்ளை எழுதியதும் புத்தகத்தில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும், நாளொன்றுக்கு ஐந்து சொற்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்