நெட்டையன் சொல்வதற்கு முன்னால்

ஹட்டன்,
தீபாவளி முடிந்த மறு வாரம்

அன்புள்ள மச்சான்,

சுகமா? தங்கச்சி, பிள்ளைகள் சுகம்தானே? இங்கே அம்மாவுக்கு மூட்டுவலி, மற்றபடி குறையில்லை. மழை விட்டபாடில்லை.

பதினொரு மாதமாக நான் ஏன் எழுதவில்லை, போன் அடித்தாலும் ஏன் எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியும். 75,000 ரூபாய். 2022இல் டீசல் வரிசையில் வானும் நானும் நாள்கணக்காகக் காய்ந்தபோது கேட்காமலே அனுப்பினாய். இந்தத் தீபாவளிக்குள் திருப்பித் தருவதென்று சீட்டுக் கட்டினேன். சீட்டும் விழுந்தது. அந்தக் காசு இப்போது என் பழைய டொயோட்டா டொல்பின் வானின் வயிற்றுக்குள் இருக்கிறது. நம்ம கூட்டாளி நெட்டையன் அடுத்த மாதம் உங்கள் வவுனியாவுக்கு வருகிறானாம். அவன் கைகால் வைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். திட்டுவதென்றால் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டு.

ஆவணியில் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ஒரு வாடகை ஹயர். குவைத்தில் நாலு வருஷம் வேலை செய்துவிட்டு வரும் டிக்கோயாப் பிள்ளை, கூட்டிவரப் போன சொந்தம் ஒன்பது பேர், கூரையில் ஒரு பெரிய டீவி. கித்துல்கலை வரை ஒரு குறையும் இல்லை. கினிகத்தேனை ஏற்றத்தில் முதல் கியருக்கே இழுக்க மாட்டேன் என்றது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த பஸ்ஸே தெரியவில்லை, அவ்வளவு நீலப் புகை. ஒயில் எரிகிறது என்று அப்போதே விளங்கிவிட்டது. வந்த பஸ்ஸை மறித்து எல்லாரையும் ஏற்றிவிட்டேன். நாலு வருஷம் கழித்து வீட்டுக்கு வருகிற பிள்ளையை மழையில் ரோட்டோரத்தில் இறக்கிவிட்டேன் மச்சான். கூலி வாங்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை.

முன்னாலேயே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகாது, லயத்துப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும். ஸ்டார்ட் ஆகச் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக்கைக் குறை சொல்லி மூன்று தடவை மாற்றினேன். டீசல் என்ஜினுக்குப் பொறி கிடையாதே. காற்றை இருபத்திரண்டில் ஒரு பங்காக அமுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசலைப் பற்றவைக்கிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்து காற்று கசிந்தால் சூடு எங்கே வரும்? அதுவும் நம்ம ஊர் மார்கழியில்! உங்கள் ஊர் வெயிலில் சாவியைக் காட்டினாலே ஸ்டார்ட் ஆகும், உருட்டிவிட்டால் யாழ்ப்பாணம் வரை போகும். கொடுத்துவைத்தவன்.

கராஜில் மெக்கானிக் பாஸ் கம்ப்ரஷன், அதுதான் சிலிண்டருக்குள் காற்றின் அமுக்கம், பார்த்தார். இந்த வானின் த்ரீ எல் ரக என்ஜின் நல்ல நிலையில் 400 பிஎஸ்ஐக்கு மேல் காட்ட வேண்டும். மூன்றாவது சிலிண்டர் 200ஐத் தாண்டவில்லை. கழற்றிப் பார்த்தால் சிலிண்டர் சுவரில் பூனை பிறாண்டியது போல் கோடுகள். சிலிண்டரை அகலமாக்கிப் போர் வெட்டலாம் என்றால், முந்தைய சொந்தக்காரன் ஏற்கனவே ஒரு மில்லிமீற்றர் வரை வெட்டி முடித்திருக்கிறான். 2006இல் வாங்கும்போது 'என்ஜின் கைபடாதது' என்று சத்தியம் செய்தானே, அதே புண்ணியவான்தான். உள்ளே புதுக் குழாய் போல ஸ்லீவ் இறக்கலாம், கிராங்க் தண்டையும் தேய்க்கலாம், ஆனால் மேல்மூடியான ஹெட்டிலும் வெடிப்பு. செலவைக் கூட்டிக்கொண்டே போனதில் பாஸ் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

அப்புறம் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தை. இரண்டு நாள் அலைந்தேன். அங்கே ஜப்பானில் கழற்றி வந்த என்ஜின்களை 'ரீகண்டிஷன்' என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். நீராவி அடித்துக் கழுவி, வெள்ளிப் பூச்சும் பூசினால் ரீகண்டிஷனாம்! உள்ளே எத்தனை லட்சம் கிலோமீற்றர் என்று கடவுளுக்குத்தான் தெரியும். மலிவுதான். நெட்டையன் அதைத்தான் வாங்கச் சொன்னான், இன்னமும் அதையே சொல்லித் திரிகிறான். இன்னொரு கடையில் 'ரீமேன்' என்றார்கள். அது வேறு சாதி. பழைய என்ஜினைக் கடைசி ஆணிவரை பிரித்து, பிளாக்கைச் சூட்டுத் தொட்டியில் கழுவி, வெடிப்புச் சோதனை பார்த்து, சிலிண்டரை அளவுக்கு வெட்டி, கிராங்கைத் தேய்த்து, பிஸ்டன், ரிங், பேரிங், ஒயில் பம்ப், டைமிங் பெல்ட் எல்லாம் புதிதாகப் போட்டுக் கட்டுவது. நான் வாயை நம்பவில்லை. "அளவு எழுதிய தாள் காட்டுங்கள்" என்றேன். காட்டினான். போர் வெட்டியது 0.50 மில்லிமீற்றர், கிராங்க் தேய்த்தது 0.25, நாலு சிலிண்டர் கம்ப்ரஷனும் எழுதியிருந்தது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் மனம் இறங்கியது.

விலை 580,000. பழைய என்ஜினை ஒப்படைத்தால்தான் அந்த விலை, இல்லாவிட்டால் மேலே இன்னும் கட்ட வேண்டும். அவர்களுக்கு அடுத்த என்ஜின் கட்ட அதுதானே மூலப்பொருள். வேறு வான் வாங்கேன் என்பாய். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் திறந்தார்கள். அதற்குள் பழைய டொல்பின்கூட நம்மை நிமிர்ந்து பார்க்கும் விலைக்குப் போய்விட்டது. வரியோடு வரும் புது வானை டீவியில் பார்க்கலாம்.

என் வீட்டுக்காரி, உன் தங்கச்சியின் தாலிக்கொடி அடகில். அதைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடியும்.

கேரண்டி ஒரு வருஷம், ஆனால் நிபந்தனைகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் போடுவது போல. ரேடியேட்டரைக் கழுவிய பில் வேண்டும், தெர்மோஸ்டாட் புதிதாக இருக்க வேண்டும். ஹெட்டில் சின்ன வில்லை ஒன்று ஒட்டியிருக்கிறார்கள், என்ஜின் அளவுக்கு மீறிக் கொதித்தால் அதன் நடு உருகிவிடும். உருகினால் கேரண்டி கிடையாது, பொய் சொல்லவும் முடியாது. நம்ம கணக்கு வாத்தியாருக்கும் இப்படி ஒரு வில்லை இருந்திருந்தால் நாம் தப்பியிருப்போம். டீசலை அனுப்பும் இன்ஜெக்டர் பம்ப் விலையில் சேரவில்லை என்று பணம் கட்டியபின்தான் தெரிந்தது. என் பிழை, கேட்டிருக்க வேண்டும். பழையதையே சரிபார்த்துப் பூட்டினோம்.

இன்னொரு வேலையும் பாக்கி. பிளாக் மாறினால் என்ஜின் நம்பரும் மாறும். பதிவுப் புத்தகத்தில் திருத்தாவிட்டால் விற்கவும் முடியாது, பொலிஸ் மறித்தால் பதிலும் இல்லை. பில்லைத் தூக்கிக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போக வேண்டும்.

பழைய என்ஜினை லொறியில் ஏற்றும்போது பக்கத்தில் நின்றேன். உன் மூத்தவள் பிறந்த ராத்திரி நானுஓயா மூடுபனியில் லைட்டும் எரியாமல் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே, அது. எரிச்சலோடு சங்கிலியைக் கழற்றியவன் அதன் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தேன். பாஸ் சிரித்தார்.

போன புதன்கிழமை புது என்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது. புகையில்லை. அம்மா, "வான் ஓடுதா இல்லையா, சத்தமே காணோமே" என்று ஜன்னலால் கேட்டாள்.

மார்கழிப் பௌர்ணமிக்கு சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் தொடங்குகிறது. மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு ஹயர் ஓடத் தொடங்கினால் முதல் கூலி அடகுக்கடைக்கு, இரண்டாவது உனக்கு. அதற்கு முன்னால் 1,000 கிலோமீற்றர் நிதானமாக ஓட்டி ஒயில் மாற்ற வேண்டும். ரிங் படிய ஒரே வேகத்தில் போகக் கூடாதாம், கூட்டிக் குறைத்து ஓட்ட வேண்டுமாம். வவுனியா வந்து திரும்பினால் பாதி தூரம் முடிந்துவிடும். உங்கள் நேர் ரோட்டில் நான் வேகத்தைக் கூட்டிக் குறைத்து வந்தால் பின்னால் வருகிறவன் குடிகாரன் என்று நினைப்பான், பரவாயில்லை.

அடுத்த சனிக்கிழமை வருகிறேன். கையில் 20,000தான் இருக்கும். நெட்டையனைக் கூட்டிவர மாட்டேன். மாத்தளை மாம்பழக் கதையைப் பிள்ளைகள் முன்னால் எடுக்காதே.

உன் பழைய பெஞ்சுக்காரன்