ஓரம் வெட்டாத புத்தகம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டி எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. திருத்தங்கல் அத்தை விஷயம் ஒருவழியாக முடிந்தது. அதை அம்மா போனில் சொல்வாள்.

நீ குட்டியின் கதைப் புத்தகத்தை வாட்ஸப்பில் அனுப்பி, "பிறந்தநாளுக்கு 50 பிரதி வேணும்ப்பா, உங்க ஆளுங்கட்ட சொல்லி அடிச்சுக் கொடுங்க" என்று கேட்டு மூன்று வாரம் ஆகிறது. இரண்டு தடவை போன் போட்டாய். இரண்டு தடவையும் பிரஸ்ஸில் வேலை நெருக்கடி என்றேன். நெருக்கடி உண்மைதான். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டதிலிருந்து ஆர்டர் குவிகிறது, இனி மார்கழி வரை சிவகாசியில் எந்த மிஷினும் சும்மா நிற்காது. ஆனால் 50 பிரதி ஒரு மத்தியான வேலை. அது உனக்கும் தெரியும், பைண்டர் வீட்டுப் பிள்ளை நீ.

முதலில் பக்கக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பியதில் 18 பக்கம் இருக்கிறது. நடுவில் பின் அடிக்கிற புத்தகம் நாலால் வகுபட வேண்டும், ஆகவே 20 ஆக்கணும். மிச்சம் வரும் 2 பக்கத்தில் நீ எதையும் போட்டு நிரப்பாதே. வெள்ளையாகவே விட்டுவிடு. தோன்றினால் அவளே ஏதாவது வரைவாள்.

அடுத்த கதைக்கு முதலிலேயே அவளை உட்கார வைத்து ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், மடி. ஐந்து தாளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சேர்த்து ஒரே மடிப்பாக மடித்து, பக்க எண் மட்டும் போடச் சொல். பிறகு பிரித்துப் பார்த்தால் 1-க்குப் பக்கத்தில் 20 இருக்கும், 2-க்குப் பக்கத்தில் 19. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 21. நீ சின்னதில் 16 பக்கத்துக்கு இதைக் கண்டுபிடித்துவிட்டு "பதினேழு, எல்லாமே பதினேழு" என்று தெருமுனை வரை கத்திக்கொண்டே ஓடினாய். அவளும் தானே கண்டுபிடிக்கட்டும். நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே.

தாள் விஷயம். ஸ்கூல் நோட்டுத் தாளில் வரைய விடாதே. அதன் கனம் 60 ஜிஎஸ்எம்கூட இருக்காது, ஒரு பக்கம் கிரேயான் அழுத்தினால் மறுபக்கம் தெரியும், தண்ணீர்க் கலர் பட்டால் சுருங்கிவிடும். 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள் வாங்கு. ஓரத்தில் லேசாகக் கிழித்துப் பார், எந்தப் பக்கம் நேராகக் கிழிகிறதோ அந்தப் போக்கில் முதுகு மடிப்பு வந்தால் புத்தகம் ஒழுங்காகத் திறக்கும். பின் அடிப்பதைவிட நூலில் தைப்பதே பிள்ளைக்கு நல்லது. மடிப்பில் மூன்று துளை. துளையைக் குத்தூசியால் நீ போட்டுக் கொடு, தையலை அவள் போடட்டும். உள்ளேயிருந்து நடுத்துளையில் வெளியே வந்து, மேல்துளையில் உள்ளே போய், கீழ்த்துளையில் வெளியே வந்து, திரும்ப நடுத்துளையில் உள்ளே போனால் முடிச்சுப் போடலாம். அட்டைக்கு மைதாப் பசை போதும். நாங்கள் பூச்சிக்காகப் போடும் மயில்துத்தம் வீட்டில் கலக்கக் கூடாது, அது விஷம்.

எழுத்து விஷயம். கதையை அவள் சொல்லச் சொல்ல நீ எழுதினால், அவள் வாயில் வந்த மாதிரியே எழுது. அவளே எழுதினால் கிட்டே போகாதே. எழுத்துக் கூட்டிக் கேட்டால் மட்டும் சொல். கன்னடமும் இங்கிலீஷும் படிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு நீ ஒருத்தியாக வீட்டில் தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். அம்மா இதைத் தெருவில் யாரையும் விடாமல் சொல்லிவிட்டாள். நானும்தான் சொன்னேன்.

இதையெல்லாம் போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

மே லீவில் நம் திண்ணையில் படுத்துக்கொண்டு அவள் அந்தக் கதையை எழுதும்போது நான் பக்கத்தில் இருந்தேன். "மழ வந்துச்சு. நாய்க்கு குட இல்ல." இப்படித்தான் எழுதினாள். நாய்க்கு ஐந்து கால் போட்டிருந்தாள். ஏன் கண்ணு ஐந்து என்று கேட்டேன். "அது ஓடுது தாத்தா. ஓடும்போது கால எண்ண முடியாதுல்ல" என்றாள். நாற்பது வருஷம் படம் அச்சான தாளை மடித்தவன் நான். ஓடுகிற நாயை அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை.

நீ கம்ப்யூட்டரில் போட்டு அனுப்பியதில், "மழை வந்தது. நாயிடம் குடை இல்லை" என்று இருக்கிறது. ஒரு பிழை இல்லை. நாய்க்கு நான்கு கால், கோட்டுக்கு வெளியே கலர் இல்லை, ஒவ்வொரு பக்கமும் அளவெடுத்த மாதிரி. ஃபோர்மேனிடம் காட்டினேன், "உங்க மக போட்டதா? கம்பெனி வேலை மாதிரி இருக்கே" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உனக்கு வேலை சுத்தம் எப்போதும் உண்டு, அது என்னிடமிருந்து வந்தது. ஆனால் அந்த நாய் நிற்கிறதம்மா.

போன ஞாயிற்றுக்கிழமை அவளிடம், "உன் புக்கு அச்சுக்கு வருதாமே" என்று கேட்டேன். "அது அம்மா புக்கு தாத்தா" என்று சொல்லிவிட்டு போனை உன்னிடம் கொடுத்துவிட்டாள். நீ அடுப்படியில் இருந்தாய், கேட்டிருக்க மாட்டாய். அதற்குப் பிறகு அவள் ஏதாவது வரைந்தாளா? வரைந்தாளா என்று மட்டும் எழுது.

உன்னைக் குறை சொல்லவில்லை. சொல்கிற தகுதியும் எனக்கு இல்லை.

நாலாம் வகுப்பில் நீ ஒரு பட்டம் புத்தகம் செய்தாய். பிரஸ்ஸில் வெட்டி ஒதுக்கி, நான் மூட்டையில் கொண்டுவந்த கட்டிங் தாளில், 12 பக்கம். நூல் அறுந்த பட்டம் ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகும். கடைசிப் பக்கம் முழுக்க வெறும் வானம். மேல் மூலையில், தாளின் விளிம்பை ஒட்டி, சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிவப்பாகப் பட்டம். நீ தூங்கும்போது உன்னைக் கேட்காமல் பிரஸ்ஸுக்கு எடுத்துப் போனேன். தைத்து, முதுகுக்கு காலிகோ துணி ஒட்டி, கட்டிங் மிஷினில் வைத்து மூன்று பக்கமும் கால் அங்குலம் வெட்டினேன். ஓரம் கண்ணாடி மாதிரி இருந்தது. நாலு பேரிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

நீ ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாய். கடைசிப் பக்கத்தில் ரொம்ப நேரம் இருந்தாய். "நல்லா இருக்குப்பா" என்றாய். நான் சந்தோஷமாகச் சாப்பிட உட்கார்ந்தேன். ராத்திரி அம்மாதான் கேட்டாள், "கடைசிப் பக்கத்துல ஒண்ணையும் காணோமே, என்ன வரைஞ்சிருந்தா?" என்று. விடியுமுன்னே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிங் மூட்டையெல்லாம் முதல் நாள் ராத்திரியே அட்டை மில்லுக்கு லாரி ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு நீ புத்தகம் எதுவும் செய்யவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "படிப்பு வந்ததும் வரையிறத விட்டுட்டா" என்று சொன்னேன். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னேன். நீ கதவுக்குப் பின்னால்தான் நின்றாய். ஒரு வார்த்தை உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிள்ளை மறந்திருக்கும், நாமாக ஏன் ஞாபகப்படுத்த வேண்டும் என்று இருந்துவிட்டேன். நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது நீ செய்ய வேண்டியது. அவள் கையால் வரைந்த தாள்களை, கசங்கியிருந்தாலும் சரி, ஸ்பீடு போஸ்டில் அனுப்பு. அதற்கு முன்னால் அவளிடம் கேள், அனுப்பலாமா என்று. 50 வேண்டாம், ஒன்று போதும் என்றால் ஒன்றுதான். யாருக்கும் காட்ட வேண்டாம் என்றால் அதுவும் சரி. அனுப்பினால் 300 டிபிஐயில் ஸ்கேன் எடுத்து, ஐந்து காலோடு, குட இல்லாமல், அப்படியே அடித்துத் தருகிறேன். சுற்றி அரை அங்குலம் வெள்ளை விடச் சொல்கிறேன். கத்தி அவள் கோட்டின் கிட்டே வராது.

இத்தோடு மூன்று வெற்றுப் புத்தகம் பார்சலில் வருகிறது. 100 ஜிஎஸ்எம், நானே தைத்தது. ஓரம் வெட்டவில்லை, நடுத்தாள் கொஞ்சம் துருத்திக்கொண்டு இருக்கும். இரண்டு அவளுக்கு. ஒன்று உனக்கு.

அம்மா காராச்சேவு வைத்திருக்கிறாள். எண்ணெய் தாளில் படாமல் தனியாகக் கட்டியிருக்கிறேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

பட்டம் புத்தகம் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அனுப்பட்டுமா வேண்டாமா என்று எழுது.

அன்புடன்
அப்பா