வீட்டுவழிக் கல்விப் பெற்றோர் சங்கம், மதுரை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

நிர்வாக விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. சில குடும்பங்கள் பணி மாறுதலில் வெளியூர் சென்றன. திருமங்கலம், மேலூர்ப் பக்கமிருந்து புதியவர்கள் சேர்ந்தார்கள். சந்தா பாக்கி வழக்கம்போல் பாக்கியாகவே இருக்கிறது.

இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்த காரியம் பழந்தமிழ் இலக்கிய வகுப்பு. இதற்குச் சென்ற பொதுக்குழுவில் எழுந்த எதிர்ப்பு பலருக்கும் நினைவிருக்கும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஐந்து பாடங்கள் போதும், தமிழை எடுக்காமலும் தேறலாம். பிறகு எதற்குச் சிலப்பதிகாரம் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். படித்தே தீர வேண்டுமென்றால் உரைநடையில் கதைச்சுருக்கம் போதுமே என்றார் இன்னொருவர். இரண்டாமவருக்குப் பிள்ளைகளே பதில் சொல்லிவிட்டார்கள்.

அவர் விருப்பப்படி கதைச்சுருக்கத்தில்தான் தொடங்கினோம். கண்ணகி மதுரையை எரித்தாள் என்று முடித்ததும் ஒரு பையன் எழுந்தான். "தப்பு செய்தது அரசன். ஊரிலிருந்த சின்னப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?" சுருக்கத்தில் இதற்கு விடை இல்லை. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வகுப்பெடுக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மா மூலநூலைத் திறந்து, வஞ்சினமாலையின் கடைசி வரிகளை நிறுத்தி வாசித்தார். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுவிட்டுத் தீத்திறத்தார், அதாவது தீயவர், பக்கமே சேர்க என்று கண்ணகி தீக்கடவுளுக்குச் சொல்லும் இடம் அது. குழவி என்ற சொல் வந்ததும் பையன் தலையாட்டினான். ஆனால் விடவில்லை: "தீத்திறத்தார் யார் என்று நெருப்புக்கு எப்படித் தெரியும்?" அன்று மதியச் சாப்பாடு ஆறிப்போனது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை சங்கத்தில் விடை இல்லை. தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் அவனைச் சந்திக்கலாம்.

நம் பிள்ளைகள் ஆளுக்கொரு பாடத்திட்டத்தில் படிக்கிறார்கள். ஒருத்தி இயற்கணிதத்தில் இருப்பாள், அவள் வயதுக்காரன் பறவைகளின் பின்னால் போய்க்கொண்டிருப்பான். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து வாதாட ஒரு பொதுச் சரக்கு இல்லை என்பது நெடுநாள் குறை. யார் சொல்வது சரி என்று புத்தகத்தையே திறந்து பார்க்க முடிகிற வாதம் பழைய பாட்டில்தான் கிடைத்தது. வழக்குரை காதையை நீதிமன்றமாகவே நடத்தினோம். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம்; உடைத்துப் பார்த்தால் தீர்ந்தது வழக்கு. இந்தச் சோதனையைக் கோவலன் உயிரோடிருக்கும்போதே செய்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்டபோது பாண்டியனிடம் பதில் இல்லை. பாண்டியனாக நின்ற சிறுமி, "யானோ அரசன், யானே கள்வன்" என்று சொல்லிவிட்டுக் கீழே விழ மறந்து சிரித்துவிட்டாள். தீர்ப்பு செல்லும் என்று அறிவித்தோம்.

புறஞ்சேரி இறுத்த காதையை ஏ.வி. பாலத்தருகே வைகைக் கரையில் நின்று வாசித்தோம். கோவலனும் கண்ணகியும் வையையைக் கண்டு, இது புனலாறு அன்று, பூம்புனலாறு என்று வியக்கும் பகுதி. எதிரே ஆற்றை மூடிக்கிடந்தது ஆகாயத்தாமரை, ஊதாப் பூவோடு. பிள்ளைகள் அதையே பூம்புனல் என்றார்கள். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த களை, இளங்கோவடிகள் கண்டிருக்க முடியாது என்று பறவைப் பையன் திருத்தினான். அடுத்த வாரம் முழுக்க அறிவியல் பாடம் அந்தக் களையிலேயே ஓடியது.

பழைய மதுரையைப் பாடும் சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சி 782 அடி. முழுதும் முடியவில்லை, முடிக்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை. பூ, சுண்ணப்பொடி, வெற்றிலை, சங்கு சுட்ட சுண்ணாம்பு விற்பவர்கள் வரும் அங்காடிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு மாலை விளக்குத்தூண் பக்கம் நடந்தோம். சிறுவர்களுக்குப் பாண்டியன் அறிவுடைநம்பியின் புறநானூற்றுப் பாட்டு. நெய்ச்சோற்றைத் தொட்டு, கவ்வி, துழாவி, உடம்பெல்லாம் இறைத்துக்கொள்ளும் குழந்தையை அவர்கள் உடனே அடையாளம் கண்டு, தத்தம் தம்பி தங்கைகளைக் காட்டிக்கொடுத்தார்கள்.

பொருள் சொல்லாமல் முதலில் வாய்விட்டு வாசிப்பது, பிறகு சீர் பிரிப்பது, பொருள் அடுத்த வாரம் என்பதே ஆசிரியை அம்மாவின் முறை. சங்கத்தமிழ் கடினம் என்ற பயம் பிள்ளைகளுக்கு இல்லை, நமக்குத்தான். மணியடித்து வகுப்பு முடியாததால் ஒரே அடியில் ஒரு காலைப்பொழுதைச் செலவிட முடிகிறது. பள்ளிக்கூடத்தில் இது வாய்க்காது. இந்த வசதியை இத்தனை ஆண்டுகள் நாம் பயன்படுத்தவில்லை.

ஒரு குறையையும் பதிவு செய்கிறேன். தாய்மார்கள் கூடவே உட்கார்ந்து கேட்டார்கள். தந்தையர் பலர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கைபேசியோடு அங்கேயே நின்றார்கள். உள்ளே நாற்காலி இருந்தது.

வரும் ஆண்டில் பெரிய பிள்ளைகளை மாங்குளம் மலைக்கு அழைத்துச் செல்லச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அங்குள்ள தமிழ்பிராமிக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. மதுரைக்காஞ்சி பாடும் பாண்டிய மன்னனுக்கும் அதே பெயர். இருவரும் ஒருவரா என்று பிள்ளைகளே விசாரிக்கட்டும். வேன் வாடகையும், சிலப்பதிகார மூலமும் உரையும் கூடுதல் பிரதிகள் வாங்கும் செலவும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கப்படுகின்றன. வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.