கத்துகிற பூனையைச் சந்தையடியில் விடாதீர்கள்

ஆசிரியருக்கு,

திருகோணமலையில் மீன் விற்கும் இடங்களைச் சுற்றியும் கடற்கரையோரங்களிலும் வீட்டுப் பூனைகளை உரப்பையில் கட்டிவந்து விடும் வழக்கம் இன்னும் நிற்கவில்லை. “இரவிரவாகக் கத்துது, நித்திரை இல்லை” என்பார்கள். ஏன் கத்துகிறது என்று தெரிந்துகொண்டால் பெரும்பாலும் வீட்டிலேயே தீர்த்துவிடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பூனைக்குக் கருத்தடை செய்யப்பட்டிருக்கிறதா என்பது. பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். குழந்தை அழுவதுபோல் நீளமாக ஓலமிடும், நிலத்தில் உருளும், முதுகைத் தடவினால் பின்புறத்தை உயர்த்தி வாலை ஒருபக்கம் ஒதுக்கும். வயிற்றுக்குத்து என்று பலர் நினைப்பது இதைத்தான். ஏறத்தாழ ஒரு வாரம் நீடிக்கும். கடுவனோடு சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வரும். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் இது ஓய்ந்துவிடும். ஆண்டு முழுவதும் பகல் அதிகம் குறையாத எங்கள் ஊரில் அந்த ஓய்வு கிடையாது. சேர்ந்தால் சுமார் 65 நாளில் குட்டி. குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி சினைப்படவும் கூடும்.

வயிற்றுக்குத்து என்று எண்ணிப் பனடோல் (பரசிற்றமோல்) கொடுத்துவிடாதீர்கள். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே வளர்ந்த பூனையைக் கொல்லப் போதும். அதன் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. இரத்தம் ஒட்சிசனைக் காவும் சக்தியை இழந்து, பல்முரசு கபில நிறமாகி, முகமும் பாதங்களும் வீங்கி, மூச்சு முட்டும். மனிதருக்கான கருத்தடை மாத்திரையைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் கருப்பையில் சீழ் கட்டலாம், முலையில் கட்டி வரலாம்.

சரியான வழி சத்திரசிகிச்சைதான். முதல் பருவத்துக்கு முன், ஐந்து மாதத்துக்குள் செய்வது நல்லது. வளர்ந்த பூனைக்கு முதல்நாள் இரவுக்குப் பின் உணவு கொடுக்கக்கூடாது. குட்டியை அவ்வளவு நேரம் பட்டினி போடக்கூடாது. எத்தனை மணித்தியாலம் என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே வைத்து, தையலை நக்கவிடாமல் பார்க்க வேண்டும்.

கடுவன் கத்துவதோடு நிற்காது. வால் நடுங்க நின்று சுவரிலும் கதவிலும் மூத்திரம் பீச்சும். காயடித்த பின் இது பெரும்பாலும் குறையும், ஆனால் மறுநாளே அல்ல, சில வாரங்கள் எடுக்கும். முதல் ஐந்தாறு வாரம் அதனால் பெட்டையைச் சினைப்படுத்தவும் முடியும் என்பதால் பிரித்து வையுங்கள். பீச்சிய இடத்தை அமோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் அதுவும் மூத்திர வாடைபோலவே இருப்பதால் திரும்பவும் அங்கேயே பீச்சும். நொதியம் சேர்ந்த சலவைத்தூளை இளஞ்சூட்டு நீரில் கரைத்துக் கழுவி, நன்றாக உலரவிடுங்கள்.

கருத்தடை செய்த பூனையும் விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்குக் கத்துகிறதா? விடியலும் மம்மலும் பூனைக்கு வேட்டை நேரம். இரவு படுக்குமுன் ஒரு நூலில் இறகு கட்டிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, உடனே இரவுச் சாப்பாட்டைக் கொடுங்கள். (நூலை எடுத்து வைத்துவிடுங்கள், விழுங்கினால் குடலை அறுக்கும்.) காலையில் கத்தும்போது எழும்பிச் சாப்பாடு வைக்கவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம். முதல் சில நாள் முன்னையதைவிட உரக்கக் கத்தும். நாலாம் நாள் மனமிரங்கி எழுந்தால், நாலு நாள் கத்தினால் கிடைக்கும் என்றுதான் அது படிக்கும். இங்கேதான் அநேகர் தோற்கிறார்கள். அது அமைதியான பிறகு, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் வையுங்கள்.

சோற்றோடு மீதிக் கறியைப் போடுவதும் சரியல்ல. வெங்காயம் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். மீனை உப்பு, தூள் எதுவும் இல்லாமல் அவித்து, முள் எடுத்துக் கொடுங்கள்.

கடுவன் மண்தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கிக் கத்தியும் சிறுநீர் சொட்டாகவே வந்தால், அல்லது வராவிட்டால், அது குழப்படி அல்ல. சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கிறது. ஓரிரு நாளில் உயிர் போகும். அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பத்து வயது கடந்த பூனை புதிதாக இரவில் கத்தத் தொடங்கினால் தைரொயிட், இரத்த அழுத்தம், காது கேளாமை இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பொறுப்பானவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி போடும் நாளை அறிவிப்பதுபோல், பூனைகளுக்குக் கருத்தடை செய்யும் நாளையும் உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் என்று பகுதிவாரியாக இரண்டு வாரம் முன்பே தமிழில் அறிவியுங்கள். பூனையைப் பையில் அல்ல, மூடியுள்ள கூடையில், ஒரு கூடைக்கு ஒன்றாகக் கொண்டுவரும்படியும், எத்தனை மணியிலிருந்து உணவு நிறுத்த வேண்டும் என்பதையும் அந்த அறிவித்தலிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பூனை வளர்ப்போர் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.